மனுக்காரர் சவரிமுத்து வைத்த கைநாட்டு

போன திங்கட்கிழமை காலையில் கோர்ட்டு திறப்பதற்கு முன்பே சவரிமுத்துவின் தமக்கை ஆரோக்கியம் அக்கா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து முதல் ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்கு வந்திருந்தார். நான் மைப்புட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சவரி போயிட்டான் தம்பி. நாகப்பட்டினத்துல. காய்ச்சலாம். அங்க உள்ள சாமியாரு கார்டு போட்டிருக்காரு. பொதச்சே வாரக்கணக்கா ஆச்சாம்."

மைப்புட்டியை மூடிவிட்டேன். அன்றைக்கு என்னிடம் மனு எழுதிக்கொள்ள வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். அவர்களுடைய கஷ்டம் ஒரு நாளில் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

என் நண்பர் சவரிமுத்துவைப் பற்றி இந்த ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. துரைமாரும் அவர்களை அண்டிப் பிழைப்பவர்களும் சொல்வது ஒன்று: ஒன்றும் அறியாத கூலிகளைத் தூண்டிவிட்டுத் தோட்டத்தில் தீ வைக்கச் சொன்ன கலகக்காரர். கூலிக் குடியிருப்பான லயத்து இளைஞர்கள் பெருமையோடு சொல்வது இன்னொன்று: தாமே பந்தம் பிடித்துப் போன வீரர். இரண்டும் பொய். அவரைத் தெரிந்தவர்கள் மறந்துவிடக்கூடாது, தெரியாதவர்கள் தவறாகத் தெரிந்துகொள்ளக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மற்றபடி எழுதுவதில் எனக்கு முன்பிருந்த நம்பிக்கை இப்போது இல்லை.

அவருடைய தகப்பனார் ரயில் பாதையில் கல் கொட்டிச் சமன் செய்த கூட்டத்தில் ஒருவர். சவரிமுத்து நாகப்பட்டினத்திலிருந்து மடிக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். கோலாலம்பூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவானார். அங்கே, சம்பளம் வாங்க வந்த பாதைக் கூலிகளை மழையில் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பெரிய குமாஸ்தாவைக் கேட்காமல் கதவைத் திறந்து உள்ளே விட்டார். வேலை போயிற்று. கிள்ளானுக்கு வந்து, கோர்ட்டுக்கு எதிரே கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், என் மேசையை ஒட்டித் தம் மேசையைப் போட்டார்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரே இடத்தில் இரண்டு மனுக்காரர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் அரைவயிறுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்க பக்கத்து மேசைக்காரரே. காசுள்ளவன் எல்லாம் உங்களுக்கு. மத்தவன் எனக்கு" என்றார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார். அந்த ஒரு சொல்லையாவது அவர் மீறியிருக்கலாம் என்று அவருடைய தமக்கையார் பல முறை என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

அவர் பொறுமைசாலி அல்லர். மூக்குப்பொடி போடுவார், எரிந்து விழுவார், அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டைக் கழற்றமாட்டார். தம் கையெழுத்தில் அபார கர்வம். என்னுடையதைப் பார்த்து, கோழி நடந்த தடம் என்பார். மனு சொல்ல வருகிறவர் முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லவேண்டும். முதல் தடவை உட்கார்ந்து, இரண்டாம் தடவை நின்று. ஏனய்யா இந்தக் கொடுமை என்று கேட்டேன். "உக்காந்தா அழுவாங்க. நின்னாத்தான் விஷயத்தச் சொல்லுவாங்க. எனக்கு ரெண்டும் வேணும்" என்றார்.

கிள்ளானுக்கு வடக்கே இருந்த ஒரு தோட்டத்து ஜனங்கள் அவரிடம் வர ஆரம்பித்தது அந்த நாளில்தான். தோட்டத்தின் பெயர் இப்போது யாருக்கும் உதவாது. கித்தா என்கிற ரப்பர்ப் பாலை உறையவைக்கும் திராவகம் கலந்த கழிவுநீர் ஓடுகிற அதே ஓடையில்தான் லயத்துக்குக் குடிதண்ணீர். பிள்ளைகள் வயிறு ஊதிச் செத்தன. கேட்டால், துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரையின் பிரம்பு பேசும். பால்மரப் பட்டை வெட்டுகிற அஞ்சலை என்ற பெண்தான் முதலில் வந்து சொன்னவர். உட்கார்ந்து சொன்னபோது அழவில்லை. நின்று சொன்னபோதுதான் அழுதார். சவரிமுத்து பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடிவிட்டார்.

முதல் மனுவில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கைநாட்டு வாங்கினார். உச்சியில் கைநாட்டு வைத்தவரை அந்த வாரமே, பெண்டாட்டி பிள்ளை சட்டிபானையோடு ரோட்டில் இறக்கிவிட்டார்கள். முதலில் வைத்தவர்தான் தலைவன் என்று அவர்கள் கணக்கு. அடுத்த மனுவுக்குச் சவரிமுத்து எதிர்க் கோப்பிக் கடையிலிருந்து ஒரு வட்ட மங்குத் தட்டை வாங்கிவந்து, காகிதத்தில் கவிழ்த்து, அதைச் சுற்றிக் கோடு போட்டார். அந்தக் கோட்டின்மேல் சுற்றிவர எல்லாருடைய பெருவிரலும். எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான மனு அதுதான். பொறாமையோடு சொல்கிறேன்.

அழகாக இருந்து என்ன செய்ய? மேலிடத்துக்குப் போன மனு, "விளக்கம் கேட்டு" தோட்டத்துத் துரையிடமே திரும்பிப் போனது. யார்மேல் புகாரோ அவரே பதில் எழுதினார். கூலிகள் திருப்தியாக இருக்கிறார்கள், வெளியாள் எவனோ கிளப்பிவிடுகிறான் என்று. சவரிமுத்து மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்கிற அளவுக்கு அந்த மனு எங்கள் இருவருக்கும் மனப்பாடமாயிற்று. அதற்குள் கித்தா விலை விழுந்து சம்பளத்தையும் குறைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவர் சொன்னது இது. "கேக்கறவன் வாய அடைச்சா அவன் சும்மா இருப்பான்னு நெனைக்கிறாங்கய்யா. வாய அடைச்சா கை தூக்குவான். இது தெரியறதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?"

கை தூக்கியே விட்டார்கள். ஒரு சாயங்காலம் அஞ்சலையின் புருஷனைச் சின்னதுரை எல்லார் முன்னாலும் பிரம்பால் அடித்தார். கூட்டம் கல் எடுத்தது. யாரோ புகைக்கொட்டகையில் தீ வைத்தார்கள். கித்தாத் தகடு உலர்த்துகிற இடம், நிமிஷத்தில் பற்றிக்கொண்டது. உள்ளே படுத்திருந்த காவற்காரர் வெந்துபோனார். அவரும் லயத்து ஆள்தான். அவருடைய கைநாட்டும் அந்த வட்டத்தில் இருந்தது.

சவரிமுத்து செத்தவர் வீட்டுக்குப் போய்வந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. தீ வைத்தவர்களை அவர் ஒரு நாளும் நியாயப்படுத்திப் பேசியதில்லை என்பதை, இன்று அவரை வீரர் என்று கொண்டாடுகிற பிள்ளைகள் தயவுசெய்து தெரிந்துகொள்ளட்டும்.

விசாரணை தோட்டத்து ஆபீசிலேயே நடந்தது. நானும் போயிருந்தேன். விசாரிக்க வந்த அதிகாரிக்கு ஒரே கேள்விதான்: தூண்டியது யார்? பெயர் வராவிட்டால் லயத்தையே காலிசெய்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றிவிடுவோம் என்றார். லயத்து ஜனம் முழுவதும் வாசலில் வெயிலில் நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மனு எழுதியவர் என்று சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். தீ வைத்தது குற்றம், செத்தவருக்காக அதை முதலில் சொல்கிறேன் என்றார். "ஆனால் இந்த ஜனங்கள் தண்ணீருக்காக எத்தனை தடவை எழுதினார்கள் என்பது உங்கள் காகிதக் கட்டுகளிலேயே இருக்கிறது. அதையும் விசாரணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்.

"இது தண்ணீர் விசாரணை அல்ல" என்றார் அதிகாரி. வட்டமான மனுவை மேசைமேல் விரித்து, இதில் முதல் ஆள் யார், காட்டு என்றார்.

சவரிமுத்து வாசலைப் பார்த்தார். அஞ்சலை இடுப்பில் மிஞ்சியிருந்த ஒரு பிள்ளையோடு நின்றிருந்தார். பிறகு சவரிமுத்து மைப்பஞ்சை இழுத்து, தம் பெருவிரலை அதில் ஒற்றி, வட்டத்தின் நடுவில் அழுத்தினார். கிள்ளானிலேயே சிறந்த கையெழுத்துக்காரர், கைநாட்டு வைத்தார். "நான்தான்" என்றார்.

அதிகாரியின் முகத்தில் எரிச்சல் போய் ஒரு நிம்மதி வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

லயம் தப்பியது. சவரிமுத்துவுக்கு நாடுகடத்தல் உத்தரவு வந்தது. "சொந்த ஊருக்கு" அனுப்புவதாக எழுதியிருந்தது. மடிக்குழந்தையாக விட்டுவந்த இடத்தில் அவருக்கு ஒரு முகம் தெரியாது. சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், கப்பலேறுமுன் பேச விட்டார்கள். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏன்யா இப்படிப் பண்ணினீங்க? தீ வச்சவன் தலையில விடியட்டும்னு விட வேண்டியதுதானே?"

"புள்ளகுட்டியெல்லாம் கப்பலேறியிருக்கும். பாத்துக்கிட்டிருக்கச் சொல்றீங்களா?"

"அதுக்காகப் பொய் சொல்றதா?"

அவர் கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பொய்தான். அதுவும் அவங்களுக்குப் புடிச்ச பொய். ஒருத்தன் தூண்டினான், அவன அனுப்பியாச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு எழுதிப்பாங்க. இனி தண்ணியப் பத்தி எவன் கேப்பான்? சனங்களக் காப்பாத்தினேன்யா. காரணத்தக் காட்டிக் குடுத்துட்டேன்."

அவர் தப்புக் கணக்குப் போட்டிருந்தார். சில மாதத்தில் தோட்டத்துக்குக் குழாய் வந்தது. இன்னொரு கொட்டகை எரியக்கூடாது என்ற பயம்தான், வேறென்ன. நல்ல செய்தி என்று நினைத்து அவருக்கு எழுதினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "மனுவுக்கு வராத தண்ணீர் நெருப்புக்கு வந்திருக்கிறது. ஜனங்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை." அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் அதிகம் எழுதவில்லை.

நேற்று அந்தத் தோட்டத்துக்குப் போய் அஞ்சலையிடம் செய்தியைச் சொன்னேன். குழாயடியில் நின்றிருந்தார். குடத்தை இறக்கிவைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இந்தத் தண்ணியில ஒரு வாய் அவரு குடிச்சதில்லீங்களே" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "எம் மவன் அவருதான் தீ வச்சாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான். நானும் பெரியவனாகி அப்படித்தான் செய்வேங்கிறான். அவன்கிட்ட நான் என்னான்னு சொல்லட்டும்?"

"தீ வைக்கல, நியாயத்தக் கேட்டாருன்னு சொல்லும்மா."

"கேட்டா குடுத்தாங்களான்னு கேப்பானே."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.

சவரிமுத்து, அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருந்ததில்லை. துரைமாரிடம் இருக்கிறது, கேட்டபோதே கொடுப்பதுதான் அது; அவர்கள் கொடுக்கமாட்டார்கள். நீங்கள் மிகவும் களைத்துவிட்டீர்கள், ஐயா. இனியாவது தூங்குங்கள்.