ஷமா பார்க்காத படம்

அரிசி களையும்போதுகூட என் பக்கத்து வீட்டு ஷமாவின் கட்டைவிரல்கள் சும்மா இருப்பதில்லை. இடது விரல் மேலே தள்ளும். வலது விரல் பக்கவாட்டில் நகரும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கைப்பையின் மேல் இதே வேலைதான். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும். “மூக்கு நம்ம பக்கம் திரும்பிட்டா இடது வலதாயிரும் டீச்சர். கண்ணாடியப் பாத்து வகிடு எடுக்குற மாதிரிதான்,” என்பாள். மூக்கு என்றால் அவள் ஓட்டப் பழகும் டிரோனின் முன்பக்கம்; விரல் வேலையெல்லாம் அதன் ரிமோட்டுக்கான ஒத்திகை.

கூத்தாநல்லூர் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் கேமராவோடு போக ஷமாவை விட்டால் ஆளில்லை. மணப்பெண்ணின் அம்மா யாருக்கும் தெரியாமல் கண் துடைத்தால்கூட இவள் படத்தில் விழுந்திருக்கும். வெளிச்சம் என்றால் பைத்தியம். பேசிக்கொண்டே என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே உறைக்கும். வயலை வானத்திலிருந்து படம் எடுக்கும் ஆசையில்தான் டிரோன் பயிற்சியில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்று, சான்றிதழ் வாங்கினால் மருந்து தெளிக்க அவளையே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. சம்பா நடவுக்குள் வாங்காவிட்டால் வேறு ஆளாம்.

முதல் தேர்வில் கோட்டை விட்டாள். வானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாய்க்காலில் வெயில் பட்டு, டிரோனின் கேமரா காட்டும் ரிமோட் திரையில் தகதகத்திருக்கிறது. குனிந்து அதைப் பார்த்துவிட்டாள். டிரோன் எல்லைக் கொடியைத் தாண்டிப் போய்விட்டது. பறக்கிற டிரோனை விட்டுக் கண் நகரக்கூடாது என்பது விதி. “படம் புடிக்கிறவங்க எல்லாருக்கும் இதே வியாதிம்மா,” என்று பயிற்சியாளர் நெடுஞ்செழியன் சலித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து ஒழுங்கான சாப்பாடு இல்லை. மஸ்கட்டிலிருந்து கணவர் ஹம்தான் கூப்பிட்டால், “தைரியம் மட்டும் சொல்லாதீங்க, அதக் கேட்டாத்தான் பயமா வருது,” என்று போனை வைத்துவிடுகிறாள்.

மறுதேர்வுக்குத் துணையாக என்னைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் தென்னை மட்டை அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தாள். “காத்து கூடுதோ?” என்று அவள் கேட்கக் கேட்க நானும் மட்டைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மைதானத்தை ஒட்டிய வயலில் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. டிரோன் எழும்பி எட்டின் முதல் வளைவை முடித்தது. ஷமாவின் பின்னால் நின்ற எனக்கு அவள் கையிலிருந்த திரை நன்றாகத் தெரிந்தது. கருஞ்சேறு, டிராக்டர், அதன் பின்னால் கொக்குக் கூட்டம். திடீரென்று அத்தனையும் ஒன்றாக எழும்பின. சேற்றுத் தண்ணீரிலும் அதே வெள்ளை, அதே சிறகடிப்பு. “அடடா!” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே பகீரென்றது. என் பாழும் வாயால் இவள் குனிந்துவிட்டால்?

அவள் குனியவில்லை. அண்ணாந்தபடியே நின்றாள். வெயிலுக்கோ பயத்துக்கோ, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டாவது வளைவும் முடிந்து, டிரோன் வட்டத்துக்குள் வந்து இறங்கியது.

“பாஸ் பண்ணிட்டீங்கம்மா,” என்றார் நெடுஞ்செழியன்.

அவருக்கு நன்றிகூடச் சொல்லத் தோன்றாமல் ஷமா என் பக்கம் திரும்பினாள்.

“அடடான்னீங்களே டீச்சர், திரையில என்ன இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க,” என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.