ராஜாவைப் பழக்கியவர்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. ஊருக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பிராவில் ரெங்கசாமி தனியாக இருந்தார். இந்தியாவிலிருந்து தோணியேறி, இலங்கைக் காடுகளில் நடந்து வந்த வழியிலேயே மனைவியையும் பிள்ளையையும் பேதி கொண்டுபோய்விட்டது. பகலெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார்; பொழுது சாய்ந்தால் ஆக்கித் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மாசித் திருவிழாவுக்குக் கூத்துப் பழக்கும் நாட்களில் மட்டும்தான் அவருக்கு மனுஷர்கள் உண்டு. அந்த நாட்களுக்காகவே மீதி வருஷத்தைத் தள்ளினார் என்றால் பொய்யில்லை.

பாட்டும் ஆட்டமும் யாரும் பழக்கலாம். ரெங்கசாமி பழக்கியது வேறு. கூத்தில் ராஜா தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டுதான் சபைக்கு வரவேண்டும். நம் ஆட்களுக்கு அது வாயில் வருமா? விடிந்தது முதல் "ஆமாங்க, சரிங்க" என்று குனிந்தே பழகியவர்கள். அதனால் முதலில் ஒவ்வொருவனும் பாறைமேல் ஏறி, எதிர்மலைக்குக் கேட்கும்படி சொந்தப் பேரைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் கைதட்டி ஆர்ப்பரிக்கவேண்டும்.

"ராஜா வர்றாரா, லீவு கேக்க வர்றாரா? சத்தமாச் சொல்லுய்யா!" என்பார்.

ராஜா வேஷம் கணபதிக்கு. நல்ல குரல், வளர்ந்த ஆள். ஆனால் போன வருஷம் பாதிப் பாட்டில் பெரிய கங்காணி கூட்டத்துக்குள் வரவும், கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிட்டான். கங்காணியைக் கண்டால் தலைத்துண்டை எடுப்பது தோட்டத்து வழக்கம். கை தானாகப் போய்விட்டது. சபை உருண்டு சிரித்தது. அதற்குப் பிறகு அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இந்த வருஷமும் நீதான் ராஜா," என்றார் ரெங்கசாமி. "நீ கிரீடத்தோட நின்னாத்தான் நான் பழக்குனதுக்கு அர்த்தம்."

திருவிழா இரவில், மொஹிதீன் கடை ஜிகினாக் காகிதம் ஒட்டிய கிரீடத்தோடு கணபதி வந்தான். கங்காணியும் வந்தார். மேளம் தடுமாறியது. கணபதியின் கை தலைக்குப் போனது. போன கை கிரீடத்தை இன்னும் அழுத்தி வைத்தது. பாட்டு ஓங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்ற ரெங்கசாமி வெட்கமில்லாமல் அழுதார்.

மறுநாள் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி கத்தினார்: "எவன்டா இவனுக்குத் திமிரு பழக்குனது? அவன இன்னைக்கே தோட்டத்த விட்டு விரட்டுறேன்!"

ரெங்கசாமி பேச வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற கணபதியின் மனைவி கருப்பம்மா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "பேசாம இருங்கண்ணே."

கணபதி நிமிர்ந்து நின்றான். "யாரும் பழக்கலைங்க. நானாத்தான் படிச்சேன்."

கங்காணி கேட்ட அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். எவனும் தலை குனியவில்லை. கங்காணி திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்.

ரெங்கசாமி தப்பித்தார். ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்றவேண்டுமே! அன்றிலிருந்து அவர் காம்பிராப் பக்கம் யாரும் வரவில்லை. அத்தனையும் பாசத்தால்தான், அதுதான் கொடுமை.

அடுத்த மாசியில் கீழ் லயத்தில் அவர்களாகவே பழகினார்கள். ரெங்கசாமி வாசலில் நின்று காது கொடுத்தார். ஒரு தப்பாவது வராதா, திருத்தப் போகலாமே என்று காத்திருந்தார். கணபதி முழுப் பாட்டையும் பாடி முடித்தான். தப்பே வரவில்லை.