சமமாகாத சரக்கும் அப்பா போடாத கையெழுத்தும்

கப்பல் விஷயத்தை மட்டும் அப்பாவின் இந்த நினைவு மலரில் எழுத வேண்டாம் என்று உறவினர் சிலர் என்னிடம் சொன்னார்கள். மூத்த மகள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் அப்பாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு மலரை மூடி வைத்துவிடலாம்.

அப்பா அனந்தபுரத்தில், சொந்த நிலத்தில் பயிர் வைத்த குடும்பத்தின் இளைய மகனாகப் பிறந்தார். பெரியப்பா ஏர் பிடிக்க, அப்பாவைப் பள்ளியிறுதி வரை படிக்க வைத்தார்கள். திருமணத்துக்குப் பின் திண்டிவனத்தில் குடியேறி, புதுச்சேரியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்குத் தூள் அப்போது வெளிநாட்டுக்குப் போகும். மூட்டைகளைப் படகில் கொண்டுபோய், கரைக்குத் தள்ளி நிற்கும் கப்பலில் வாயை அவிழ்த்துக் கொட்டுவார்கள். அதைச் சரிபார்ப்பது அப்பாவின் வேலை.

அந்தத் தொழிலின் சொற்கள்மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். தட்டில் சோறு ஆறிப்போகும், பேச்சு நிற்காது. மூட்டையில்லாமல் கொட்டும் சரக்குக்கு 'பல்க்' என்று பெயர். வடகடல் மாலுமிகள் கப்பலில் குவித்த சரக்கைச் சொன்ன பழைய சொல் அது என்பார். அதையே பிரெஞ்சுக்காரர்கள் 'வ்ராக்' என்பார்களாம். சரியாக உப்பேறாத மட்டமான மீனை டச்சுக்காரர்கள் சொன்ன சொல்லிலிருந்து வந்ததாம். அந்த மீனை யாரும் அடுக்கிவைக்க மாட்டார்கள், அள்ளித்தான் கொட்டுவார்கள். கப்பல் தாமதமானால் கட்ட வேண்டிய 'டெமரேஜ்', தங்குதல் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. சரக்குக்கு அடியில் பரப்பும் பலகைக்கும் பாய்க்கும் 'டன்னேஜ்' என்று பெயர். அது எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டபோது, "அது யாருக்கும் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்லக் கூடாது" என்று முடித்துக்கொண்டார்.

இன்னொரு சொல் 'ட்ரிம்'. கொட்டிய குவியலை நாலு பக்கமும் தள்ளிச் சமமாக்குவது. ஏதோ அழகுபடுத்துகிற வேலை என்று நினைக்கிறார்கள், பழைய ஆங்கிலத்தில் அதற்கு உறுதிப்படுத்துதல் என்றே பொருள் என்பார். சமமாக்காமல் விட்டால், அலையில் கப்பல் ஆடும்போது சரக்கு ஒரு பக்கம் சரியும். சாய்ந்த கப்பல் நிமிராமலே போகலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. மழைக்கு முன் கப்பலை அனுப்பிவிட ஏஜெண்ட் துடித்தார். புண்ணாக்குத் தூள் நடுவில் கோபுரமாக நின்றது. சமமாக்கியாயிற்று என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏன்யா, கப்பல் நின்னுக்கினு கீது, டெமரேஜ் ஏறுது. மூடியப் போட்டுட்டா உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? ஜல்தியா போட்டுக் குடு" என்றார் ஏஜெண்ட்.

"மூடுனா சமமாயிடுமாங்க? ஆளுங்கள எறக்கித் தள்ளச் சொல்லுங்க. தள்ளி முடிச்சதும் போட்டுத் தர்றேன்" என்றார் அப்பா.

ஏஜெண்ட் ஆளை இறக்கவில்லை. வேறொருவர் கையெழுத்துப் போட்டார், கப்பல் புறப்பட்டது. மறுநாளே அப்பாவுக்கு வேலை போனது. வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மா கம்மலைக் கழற்றினார். அப்பா வெகுகாலம் அலைந்து, கடைசியில் திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார்.

கப்பல் முழுகவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நம் உறவுக்கு அது போதாதா? காதுகுத்தோ வளைகாப்போ, அப்பா பந்தியில் உட்கார்ந்தால் போதும், "கப்பல் போய்ச் சேந்துச்சாமே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "சேந்துச்சு. ரொம்ப சந்தோஷம். சமமா இல்லன்னுதான் நான் சொன்னேன். முழுகும்னு சொல்லலியே."

சிரித்தவர்களே, நன்றாகச் சிரியுங்கள். எனக்கு அப்பாவை நினைத்து ஒரு நாளும் வெட்கமாக இருந்ததில்லை. அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து, விழுப்புரம் மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்தோம். கண்ணும் கருத்துமாகப் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியப்பாவுக்கு நன்றி சொல்லத்தான் எனக்கு வார்த்தை வரவில்லை. வேலை போன நாள் முதல் அப்பாவைத் திட்டாத நாளில்லை. அவர் அனுப்பிய கேப்பையும் மல்லாட்டையும் எங்கள் வீட்டுக்கு வராத மாதமும் இல்லை. கடைசி வாரம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அப்பாவின் விளங்காத வலது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்பவாவது சொல்லுடா தம்பி. அன்னிக்கு அந்தக் கையெழுத்தப் போட்டிருக்கலாந்தானே?"

அப்பாவுக்கு வாய் குழறியது. ஆனாலும் தெளிவாகவே கேட்டது.

"கை நல்லா இருந்தாலும் போடமாட்டேண்ணே."