பிரேசர் டவுனில் இருந்த அக்காவின் கல்யாணம்

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து, அவளுக்குக் கல்யாணம் ஆனதற்கு ஆதாரம் கேட்டார்கள். அவள் கணவருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு போவதென்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் பதிவைப் பற்றி யோசிக்கவே இல்லை. மண்டபத்தில் அத்தனை பேர் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், அது போதாதா என்று இருந்துவிட்டோம். இப்போதும் பதிவு செய்யலாம், ஆனால் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, கல்யாணத்துக்கு வந்திருந்த மூன்று சாட்சிகள் எல்லாம் வேண்டும் என்று சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பத்திரிகை அம்மாவின் பீரோவில் புடவைக்கு அடியில் கிடைத்தது. ஆல்பம்தான் சிக்கல். அக்காவின் பொம்மனஹள்ளி வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்த வருஷம் அது ஊறி, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்ததில் மாமாவின் முகம் சித்தப்பாவின் வேட்டியோடு சேர்ந்து வந்தது.

அக்காதான் பழைய கம்ப்யூட்டரை ஞாபகப்படுத்தினாள். போட்டோக்காரர் கொடுத்த சிடியை அதில் ஏற்றி வைத்திருந்தோம். சிடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் இருந்தது. மானிட்டரை எப்போதோ எடைக்குப் போட்டாகிவிட்டது. பெட்டியைப் படுக்க வைத்து, அதன் மேல் அம்மா குடிதண்ணீர் கேன் வைத்திருந்தாள்.

நான் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஆனால் சம்பளம் போடும் பிரிவில். அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் இன்றுவரை எடுபட்டதில்லை. வயர் உள்ள எதுவும் என் பொறுப்பு. கேனை இறக்கிப் பெட்டியைத் தூக்கினேன். அம்மாவுக்கு அக்காவின் விசாவைவிட, கேனை இனி எதன் மேல் வைப்பது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அல்சூர் பக்கம் ஒரு ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்து, தேங்காயைப் பார்ப்பதுபோல ஆட்டிப் பார்த்தார். கேபிளில் மாட்டியதும் அது கொஞ்ச நேரம் விக்கிவிட்டு நின்றுபோனது. பெரிய லேபுக்கு அனுப்பலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார். பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாமல் இன்னொரு வழி சொன்னார்.

"கவர்ல நல்லா சுத்தி ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க சார். சில டிஸ்க்கு அப்புறம் சுத்தும். காரண்டி கிடையாது."

வேறு வழி தெரியாததால் வைத்தேன். எங்கள் ஃப்ரீசரில் வஞ்சிரமும் துருவிய தேங்காயும் இருந்தன. மீன் பக்கம் வைத்தால் கல்யாண போட்டோவுக்கு ஆகாது என்று அம்மா தேங்காய்ப் பக்கம் இடம் ஒதுக்கினாள். மறுநாள் காலை அதை உறைந்த பட்டாணிப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு, அக்காவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கடைக்குப் போனேன். பை சூடாகிவிடப் போகிறதென்று அக்கா வழியெல்லாம் அதன் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு வந்தாள்.

டிஸ்க் சுற்றியது. கடைக்காரரே நம்பவில்லை. நிற்பதற்குள் எல்லாவற்றையும் இழுத்துவிட வேண்டும் என்று அவசரமாக ஒரு பென் டிரைவில் ஏற்றினார். முடிந்ததும் முதல் போட்டோவைத் திறந்தோம். நாங்கள் பார்த்தறியாத ஒரு வயதான அம்மாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்தது ஒரு சர்ச் வாசல். அடுத்து, ஒரு புது ஃப்ரிட்ஜ். முன்பக்கம், பின்பக்கம், கதவு திறந்து, கதவு மூடி.

அக்கா பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் கேட்டாள்: "இதுல நான் எங்கடா இருக்கேன்?"

எங்கேயும் இல்லை. யோசித்து யோசித்துத்தான் விஷயம் பிடிபட்டது. கல்யாணம் முடிந்து சில மாதங்களில் அந்தக் கம்ப்யூட்டரை பிரேசர் டவுனில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். அங்கேதான் டிஸ்க்கை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். திரும்பி வந்த வாரமே ஆபீசில் லேப்டாப் கொடுத்துவிட்டதால் அதை யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் யாருடைய ஃப்ரிட்ஜ் மேலேயோ நாங்கள் தண்ணீர் கேன் வைத்திருந்திருக்கிறோம்.

அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் பென் டிரைவில் ஒரு பெண்ணின் வரன் பயோடேட்டா இருந்தது. அதில் அவளுடைய அப்பாவின் போன் நம்பர் இருந்தது. அடித்தேன். ஒரு பெரியவர் எடுத்தார். கம்ப்யூட்டர், ரிப்பேர், டிஸ்க் என்று நான் தட்டுத் தடுமாறி விளக்கினேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கல்யாணமா? அதுல நீங்க யாரு?"

"பொண்ணோட தம்பி, அங்கிள்."

"படிக்கட்டுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடுறவரா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமா, அக்கா, நான் மூவரும் பிரேசர் டவுனில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த ஆன்ட்டி அக்காவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஏம்மா இவ்ளோ எளச்சிட்ட?" என்றார். மாமாவைப் பார்த்துவிட்டு, தலைமுடியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அங்கிள் நடந்ததைச் சொன்னார். கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் ஸ்கிரீனில் அக்கா மாலையோடு நின்றாளாம். கடைக்கு ஓடினால், எந்தப் பெட்டி யாருடையது என்று தனக்கே தெரியாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். போட்டோவில் தெரிந்த மண்டபத்தின் பெயரை வைத்து அங்கேயும் போய் விசாரித்திருக்கிறார். யாரோ துப்புத் துலக்க வந்தவர் என்று நினைத்து மேனேஜர் விரட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஹாலில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதெல்லாம் எங்கள் கல்யாணம் ஒவ்வொரு படமாகத் தானே ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதிலும் ஏற்றிவிட்டார்கள்.

"அடுத்தவங்க கல்யாணத்த எப்படிம்மா அழிக்கிறது?" என்றார் ஆன்ட்டி.

காபி வந்தது. கூடவே கேள்விகளும் வந்தன. நீலச் சட்டைக்காரர் ஏன் எல்லாப் படத்திலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்? சாப்பாடு கிடைக்கவில்லை என்பது ஆன்ட்டியின் கட்சி. செருப்பு தொலைந்துவிட்டது என்பது அங்கிளின் கட்சி. அது எங்கள் சித்தப்பா, பத்திரிகையில் அவர் பெயரைக் கீழே போட்டதால் கோபம் என்றாள் அக்கா. இருவரும் கொஞ்ச நேரம் அதை யோசித்தார்கள். பிறகு மணமேடையில் அக்காவை ஒட்டியே நிற்கும் பச்சைப் புடவை அம்மாவை, "உங்க பெரியம்மாதானே?" என்று கேட்டார்கள். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா அக்காவைப் பார்த்தார். அந்த அம்மா பெண் வீட்டுக்காரர் என்று மாமா வீட்டிலும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று எங்கள் வீட்டிலும் அன்று நினைத்திருக்கிறோம். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆன்ட்டிக்கு அது பெரிய ஏமாற்றம்.

நான் பென் டிரைவை நீட்டினேன். அங்கிள் அதைச் செருகி, கேக் வெட்டும் படத்தைத் திறந்தார். அது அவருடைய அம்மா. அதற்கடுத்த வருஷம் அவர் இல்லை. கேக்கோடு எடுத்த வேறு படம் கிடையாதாம். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையருகே போய் உட்கார்ந்துகொண்டார். ஆன்ட்டி உள்ளே போய் இன்னொரு தட்டு முறுக்கு கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது எங்கள் கல்யாணத்தை அதே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

பதிவு நாளன்று கூப்பிடாமலே அவர்களும் வந்துவிட்டார்கள். அம்மாவும் நானும் சாட்சிகள். மூன்றாவது சாட்சி சித்தப்பா. அவர் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துக்குப் போனிலா கூப்பிடுவது என்று அன்று காலை சொல்லிவிட்டார். அதிகாரி மூன்றாவது ஆள் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே பிரேசர் டவுன் அங்கிள் முன்னால் போய் நின்றார். கல்யாணத்தில் இருந்தீர்களா என்று அதிகாரி கேட்டார். அங்கிள் பொய் சொல்கிறவர் இல்லை. இருக்கவில்லை, ஆனால் நடந்ததெல்லாம் தெரியும் என்று நல்ல கன்னடத்தில் பதில் சொன்னார். அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த மாமாவின் பழைய நண்பர் ஒருவர் பொம்மனஹள்ளியில் இருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோதுதான் ஃபைல் நகர்ந்தது. அப்போது இன்னொரு தடங்கல். அதிகாரி போட்டோவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் அடர்த்தியான முடியோடு ஒல்லியாக ஒருவர் இருந்தார். எதிரில் மாமா இருந்தார். இது அவர்தான் என்று அக்கா சொன்னாள். மனைவி சொல்வது போதாது என்பதுபோல அதிகாரி தலையசைத்தார்.

பெஞ்சில் இருந்து அங்கிள் எழுந்தார். "லெப்ட் காதப் பாருங்க சார். மேல் நுனி மடங்கி இருக்கும்."

அதிகாரி போட்டோவில் இருந்த காதைப் பார்த்தார். மாமாவைத் திரும்பி நிற்கச் சொல்லி அந்தக் காதையும் பார்த்தார். முத்திரை குத்தினார். கணவரின் காது மடங்கியிருப்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது அக்கா வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் அம்மாவுக்குப் போன் செய்கிறாள், பிறகு பிரேசர் டவுனுக்கு. அங்கேதான் பேச்சு நீளமாகப் போகிறது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.