மருந்து ஊற்ற வந்த அம்மா

ஆம்பூரில் சிக்குன்குனியா பரவிய வருடம், கொசுப்புழு மருந்து ஊற்ற ஓர் அம்மா எங்கள் தெருவுக்கு வருவார். மெலிந்த உருவம், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கையில் ஒரே ஒரு பாட்டில். தண்ணீரில் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒரு சொட்டுகூட விடமாட்டார்.

பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரில் மருந்து கலப்பதா என்று எனக்குத் தயக்கம். தண்ணீர் பிடித்து வைக்கவில்லை என்று வாசலிலேயே பொய் சொன்னேன். நம்பிப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முட்டி வீங்கியிருந்தது.

"உங்களுக்கும் வந்துடுச்சாம்மா?"

"ஆமா சார். காய்ச்சல் போய்டுச்சு, வலி போவல. மருந்து வேற ரொம்ப கம்மி. நீங்க ஒருத்தர்தான் தண்ணி தேக்கல. உங்க பங்கைக் கைக்குழந்தை இருக்கிற வீட்ல ஊத்திட்டேன்."

அன்று காலைதான் பின்பக்கத்து டிரம்மைத் திறந்து பார்த்திருந்தேன். புழுக்கள் நெளிந்தன.

"உட்காருங்கம்மா, டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம் சார், இன்னும் நாலு வீடு இருக்குது."

அவர் படியிறங்கியதும் டிரம்மைக் கவிழ்த்தேன். தண்ணீர் சந்து வழியாகத் தெருச் சாக்கடைக்கு ஓடியது. அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.