திவ்யா பெயர் ஒட்டிய குப்பி

ஊசியைப் பிரிக்குமுன் நர்ஸ் சொர்ணம்மா குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "மன்னிச்சுக்க சாமி, வலிக்கும்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். எறும்புக் கடி மாதிரிதான் என்று எந்தப் பிள்ளையையும் ஏமாற்றியதில்லை.

ஐந்து நோய்க்கும் சேர்த்துக் கைக்குழந்தையில் போட்ட தடுப்பூசி, வருடங்கள் போனபின்னும் உடம்பில் காவல் நிற்கிறதா? அதைப் பார்க்கத்தான் வருடாவருடம் அதே பிள்ளைகளிடம் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். இவர் பொறுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். அந்தமானில் சுனாமி கலைத்துப்போட்ட குடும்பங்கள்; இன்று சிப்பிகாட், நாளை மரைன் ஹில். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறித் தேடுவார். ஒருமுறை ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேற நின்ற பிள்ளையை அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து எடுத்தார். தேடிப்போனால், "போன வருசம் எடுத்தீங்களே, அதுலயே பாத்துக்கங்களேன்" என்பார்கள் பெற்றவர்கள். திருநீற்று நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டு, "முருகா, இவங்களுக்கு நீயே சொல்லு" என்பார்.

ஐந்தாவது, கடைசி வருடம். இருபத்தேழு சேர்ந்தாயிற்று. பாக்கி திவ்யா ஒருத்திதான். பன்னிரண்டு மணிக்குக் குப்பிகளை எடுத்துப்போக ஜீப் வரும். அதற்குள் கொடுக்காத பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். நாலு வருடம் அது பட்ட வலியும் வீண்.

பதினொன்றரைக்குத் தாய் ஷீலா பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். போன வருடத்தைவிடக் குட்டையாகத் தெரிந்தது. சாப்பாடு சரியில்லையோ என்று எண்ணிக்கொண்டு சொர்ணம்மா காலைத் தொட்டு ஒற்றினார், ரத்தம் எடுத்தார், பெயர்ச்சீட்டையும் ஒட்டினார். "சமத்து திவ்யா" என்று பஞ்சை அழுத்தும்போது பிள்ளை விசும்பிக்கொண்டே சொன்னது:

"நான் ப்ரியங்கா. அக்கா கச்சால் தீவுக்குப் போயிருக்கா."

ஷீலா கொஞ்சமும் அசரவில்லை. "கப்பல் வரலக்கா. நீங்களும் பாவம், எத்தன நட நடப்பீங்க? ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானே, ஒரே ரத்தம். சல்தா ஹை, பரவால்ல, எழுதிக்கங்க."

பார்ப்பது திவ்யா உடம்பில் போட்ட ஊசியை, இவள் உடம்பில் போட்டதை அல்ல என்று எத்தனை விதமாக எடுத்துச் சொன்னாலும் ஷீலாவுக்கு ஏறவில்லை. சின்னவளும் ஊசி போட்டவள்தானாம், அதுவும் சொர்ணம்மாவின் இதே கையால்தானாம். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. குப்பியில் ரத்தம் இருக்கிறது, சீட்டில் பெயர் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்து மூடினால் இருபத்தெட்டு.

"இந்தப் புள்ளைக்கு எதுக்கும்மா ஊசி குத்த வச்ச?" என்று மட்டும் கேட்டார்.

நகத்தால் சுரண்டிச் சுரண்டிச் சீட்டை உரித்தார். பாதிதான் வந்தது. இருபத்தேழு குப்பியை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, குனிந்து, ப்ரியங்காவின் காலை இன்னொரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.