தட்டில் வந்த ஏழாயிரத்து ஐந்நூறு

1974 ஜூன் 17, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. காற்று அசையவில்லை, மலைப்பக்கம் பார்த்தால் கண் கூசும் வெயில். தபால்காரர் கொடுத்த உறையில் கர்நாடகத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் கடிதம் இருந்தது. என் மகளுக்கு பி.ஃபார்ம் படிப்பில் இடம். பதினைந்து நாளுக்குள் பணம் கட்ட வேண்டும்.

நான் அப்போது திருத்தணியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். சம்பளம் 310 ரூபாய். மலைப்படி ஏறினாலும் எண்ணிக்கொண்டே ஏறுகிறவன். அன்று வேலைக்குப் போகாமல் கணக்குப் போட்டேன். நன்கொடை 4,000. கட்டணமும் விடுதியும் வருஷத்துக்கு 2,000, நாலு வருஷத்துக்கு 8,000. ஆக 12,000. சேமிப்பையெல்லாம் துடைத்தெடுத்தால் என்னிடம் 4,500. மீதி 7,500 கடன்.

கடன் கிடைத்துவிடும். படிப்பு அதைத் திருப்பித் தருமா என்பதுதான் கவலை. பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவரிடம் விசாரித்தேன்.

"மெட்ராஸ்ல மருந்து கம்பெனியில நானூத்தம்பது குடுப்பான் சார். வேலைக்குப் போவ இஷ்டமில்லன்னா சர்டிபிகேட்ட என் கடையில மாட்டட்டும், மாசம் நூறு ரூபா. ஊட்ல உக்காந்துகினே வாங்கலாம்."

"அதுக்கா பன்னண்டாயிரம்?"

"கணக்கு கேட்டது நீங்கதான் சார்."

450-இல் அவள் செலவு 150 போனால் 300. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், படித்து முடிக்கும்போது கடன் 11,100 ஆகியிருக்கும். அது தீர மேலும் நாலு வருஷம் இரண்டு மாதம். மனைவியிடம் காகிதத்தைக் காட்டினேன்.

"அதுவரைக்கும் கண்ணாலம் பண்ணாம வெச்சிகினு இருக்கப் போறீங்களா?" என்றாள்.

அப்படி ஒரு வரி என் காகிதத்தில் இல்லை. வெளியில் யாரிடமும் கடன் கேட்க வேண்டாம், தம்பியிடம் கேட்போம் என்று அவளே சொன்னாள்.

அவள் தம்பிக்குப் பொதட்டூர்பேட்டையில் எட்டு விசைத்தறி. லுங்கி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். விஷயத்தைக் கேட்டதும் மச்சான் மறுபேச்சில்லாமல் உள்ளே போனான். அவன் மனைவி தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், இரண்டு முழம் பூ, நடுவில் பணம். நூறு ரூபாய் நோட்டு எழுபத்தைந்து. அங்கேயே இரண்டு தரம் எண்ணினேன். மச்சான் சிரித்தான். புரோநோட்டு எழுதித் தருகிறேன் என்றேன்.

"நமக்குள்ள இன்னா பாவா நோட்டு?"

பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

1978 ஜூலையில் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சம்பளம் 420. முதல் வரியிலேயே முப்பது ரூபாய் துண்டு. விடுதி வாடகை நான் நினைத்ததைவிட அதிகம். மாதம் 200 அனுப்பினாள். டிசம்பரில் 1,200 சேர்ந்ததும் பொதட்டூர்பேட்டைக்கு எடுத்துப் போனேன்.

"இன்னா பாவா இது?"

"வட்டியில கொஞ்சம்."

"யாருக்கு வட்டி?"

"உனக்குத்தான்."

தறியை நிறுத்திவிட்டு வந்தான். "ஊட்டுக்கு வரப்போற பொண்ணு, படிக்கட்டும்னு குடுத்தேன். மஞ்ச வெச்சேன், பூ வெச்சேன். கடன் குடுக்கறவன் எவனாவது பூ வெச்சுக் குடுப்பானா பாவா?"

அவன் மகன் என் மகளுக்கு முறைப்பையன். தட்டில் வைத்துக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் நோட்டை மட்டும்தான் பார்த்தேன். பக்கத்துத் தறியிலிருந்த அந்தப் பையன்தான் பேசினான்.

"உட்டுடு நைனா. அது மாத்திரையப் பத்திப் பேசும், நான் லுங்கியப் பத்திப் பேசுவேன். ராத்திரி சோத்துக்கு முன்னாடியே பேச்சு தீந்துடும்."

"நீ சும்மா இர்றா."

மச்சான் பணத்தைத் தொடவில்லை. வீட்டில் மனைவியைக் கேட்டேன். அவளுக்கு அன்றே தெரியும். எனக்கும் தெரிந்துதான் வாங்கினேன் என்று நினைத்திருக்கிறாள்.

அந்த வாரம் இன்னொரு கணக்கும் போட்டேன். சரி என்று சொல்லிவிட்டால் அசலும் இல்லை, வட்டியும் இல்லை. மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிடும். அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் விட்டது என் தவறு. விடுமுறையில் வந்தவள் கண்ணில் பட்டது. நின்றபடியே படித்தாள்.

"பணம்னு நெனச்சுதானே வாங்கினே நைனா? பணமாவே குடு. நான் கட்டறேன். என்னை வரவுல எழுதாத."

1979 பொங்கலுக்குத் தம்பி வீட்டிலிருந்து சீர் வரவில்லை. என் மனைவி வாசலை இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். மறுநாள் கடையில் 85 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்கி வந்து கொடுத்தேன். மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தாள். வருஷா வருஷம் அதே விலையில் வாங்கினேன்.

மச்சான் மகனுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்த பிறகு, 1982 ஜூனில், 14,700-ஐயும் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் போனோம். எட்டு வருஷ வட்டி 7,200, அசல் 7,500. அதில் மகள் அனுப்பியது 9,600, மீதி நான் போட்டது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எண்ணிப் பாத்துக்க," என்றேன்.

"எண்ணறதெல்லாம் நீங்க பாவா. நான் குடுக்கும்போதும் எண்ணல."

மோர் கொடுத்தார்கள். அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகளின் சம்பளம் பிறகு ஏறியது. படிப்பு நஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 1986 பொங்கலுக்கு எட்டாவது புடவையை நீட்டியபோது என் மனைவி, "போதுங்க, கடையில வாங்கினா அது சீர் ஆவாது," என்றாள். அன்றுதான் கணக்கை முடித்தேன். முதலில் கொடுத்தது 4,500. கடனில் என் பங்கு 5,100. இரண்டும் சேர்ந்தால் மகள் கட்டிய அதே 9,600, சரிபாதி. புடவை எட்டு, 680. பொதட்டூர்பேட்டைக்குப் போய்வந்த பஸ் கட்டணம் 14 ரூபாய் 20 காசு. எனக்கு ஆனது பத்தாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய் இருபது காசு.